பாடினது யாரு? மின்னணு இசையில் குரலின் இடம் குறித்து

தக்கலையில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நடந்த தர்க்கத்திலிருந்து இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. பத்மநாபபுரத்திலிருந்து தக்கலைக்கு நடை தூரம்தான். சாயங்காலம் அங்கே போய் நிற்பது எனக்கு வழக்கம். வீதி நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டும் தொழிற்சங்க நண்பர் ஒருவர், வயதில் மூத்தவர், கம்ப்யூட்டரில் இசை செய்யும் ஓர் இளைஞன் போட்டுக்காட்டியதைக் காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிடே, பாட்டு எங்க?" என்றார். "பாட்டு இல்ல அண்ணாச்சி. இவ்வளவுதான்." "இவ்வளவுதான்னா? ஆளே இல்லாத வீட்டுக்குள்ள ஃபேன் ஓடுத மாதிரில்லா இருக்கு." இளைஞன் விடவில்லை. "குரல் வந்தா நீங்க குரலத்தான் கேப்பிய. சத்தத்தக் கேக்க மாட்டிய." இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அன்று மழுப்பிவிட்டேன். அந்த மழுப்பல் உறுத்திக்கொண்டே இருப்பதால் இந்தக் கட்டுரை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இளைஞன் பக்கம். ஆனால் அண்ணாச்சியின் 'ஆளே இல்லாத வீடு' என்னை விடமாட்டேன் என்கிறது. அதற்குப் பின்னால் வருவேன்.

நமது சூழலில் இசை என்ற சொல்லாடல் குரலை மையமாகக் கொண்டே கட்டப்பட்டிருக்கிறது. கர்நாடக இசையில் வயலினும் வீணையும் நாகசுரமும் வாசிப்பது பாட்டைத்தான். வார்த்தை வெளியே கேட்காவிட்டாலும் கேட்பவர் மனதுக்குள் அது ஓடிக்கொண்டிருக்கிறது. வாத்தியம் 'பாடுகிறது' என்பதே இங்கு வாத்தியத்துக்குக் கிடைக்கும் உச்சபட்சப் பாராட்டு. பாட்டு நின்று தாளம் மட்டும் பேசும் தனி ஆவர்த்தனம் வரும்போது சபாக்காரர்கள் காப்பி குடிக்க எழுந்து போகிறார்கள். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியதை ஒட்டி நடந்த விவாதங்களும் எந்த மொழியில் பாடுவது என்பதைப் பற்றியவையே. அந்தக் கேள்வி நியாயமானது, இன்றும் நியாயமானது. ஆனால் இசை என்றால் சாகித்தியம் என்கிற முன்முடிவை எதிர்த்தரப்பைப் போலவே தமிழிசைத் தரப்பும் ஏற்றுக்கொண்டிருந்தது. முற்போக்குக் கலை இரவுகளும் அந்த முன்முடிவைத்தான் சுவீகரித்தன. நாட்டுப்புற மெட்டு ஒரு பாத்திரம், அதில் கருத்தை ஊற்று. மெட்டுக்கு என்று சொந்தமாக ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று அந்த மேடைகளில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை (மேடைக்குப் பின்னால் ஆர்மோனியம் சுமந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்).

பேச்சை எழுத்துக்கு மேலாக வைக்கும் மேற்கத்தியச் சிந்தனை மரபை தெரிதா 1967இல் கேள்விக்குள்ளாக்கினார். குரல் இருந்தால் ஆள் இருக்கிறான், ஆள் இருந்தால் உண்மை இருக்கிறது என்ற நம்பிக்கை அது. எழுத்தோ அப்பன் இல்லாத பிள்ளை, சந்தேகத்துக்குரியது. மின்னணு இசை மீது நம்மவர்களுக்கு இருக்கும் சந்தேகம் இதேதான். 1983இல் நடைமுறைக்கு வந்த மிடி என்ற பொது மொழி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது வெறும் உவமை இல்லை என்பது புரியும். மிடியில் ஒலி சேமிக்கப்படுவதில்லை. எந்தச் சுரம், எந்தக் கணத்தில், எவ்வளவு வேகமாகக் கட்டை அழுத்தப்பட்டது (0 முதல் 127 வரை ஓர் எண்) என்பது போன்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கின்றன. அதாவது அது எழுத்து. எந்திரம் அதை வாசிக்கிறது. அதே குறிப்பைப் புல்லாங்குழல் ஒலியிலும் வாசிக்கலாம், தகரம் கிழியும் ஒலியிலும் வாசிக்கலாம். மூலக்குரல் என்று எதுவும் கிடையாது.

தமிழ்க் காதுகளுக்கு இது வந்து சேர்ந்தது சினிமா வழியாகத்தான். 1986இல் பாலசந்தரின் 'புன்னகை மன்னன்' வந்தது. சீக்வென்சர் கொண்டு இளையராஜா அமைத்த இசை. அவரது குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்த திலீப், பின்னாளில் ஏ.ஆர்.ரஹ்மான், அதில் பங்கெடுத்தார். அந்தப் படத்தின் பாட்டுக்களை விட்டுவிடுங்கள். கமலும் ரேவதியும் ஆடும் அந்தத் தீம் இசைக்கு வார்த்தை கிடையாது. ஆனால் கல்யாண வீட்டில் கேசட் சுழன்ற காலத்தில் அதை முணுமுணுக்காத பையன்கள் எங்கள் தெருவில் இல்லை. முணுமுணுக்க வார்த்தை இல்லாததால் 'தான தன்னா' போட்டார்கள், 'டிக் டிக்' போட்டார்கள், ஒருவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிந்தசைசர் போலவே சத்தம் எழுப்புவான். காதலைப் பற்றி நாயகன் நாயகியிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பாடலாசிரியர்கள் பல்லாண்டுகளாக எழுதிக் கொடுத்ததிலிருந்து நான்கைந்து நிமிடம் எங்களுக்கு விடுதலை கிடைத்தது. யார் யாருக்குச் சொல்வது, ஆண் பெண்ணுக்கா, மேல் கீழுக்கா என்ற இலக்கணம் அங்கே இல்லை. எந்தச் சாதிப் பையனும் எந்தப் பெண்ணும் அதற்குள் போய் நிற்கலாம். இளைஞன் சொன்ன 'சத்தத்தைக் கேட்பது' என்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். வார்த்தை வந்திருந்தால் அந்த இசை உடனே யாரோ ஒருவருடையதாக ஆகியிருக்கும்.

இதற்கு முன்பே இந்தியாவில் குரலை நம்பாத மின்னணு இசை நடந்திருக்கிறது. 1969இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மூக் சிந்தசைசரை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய் போன்றவர்கள் அதில் வேலை செய்தார்கள். அந்த நாடாக்கள் அரை நூற்றாண்டு கிடந்து, பால் பர்காஸ் என்பவரால் மீட்கப்பட்டு 2023இல்தான் தொகுப்பாக வெளிவந்தன. 1982இல் பம்பாயில் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் சிந்தசைசரில் வாசித்தார். விற்கவில்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபோது, சிகாகோவில் பிறந்த ஆசிட் ஹவுஸ் இசைக்கு முன்னோடி இவர் என்று ஐரோப்பியர்கள் கொண்டாடினார்கள். முன்னோடியோ இல்லையோ, நமக்கு வேண்டிய விஷயம் வேறு. 1982இல் அதைக் கேட்ட இந்தியக் காது 'பாடினது யாரு' என்று கேட்டது, பதில் இல்லாததால் திரும்பிக்கொண்டது.

குரல் மனிதத்தன்மையின் சான்றிதழ் என்கிறவர்களை எங்கள் ஊருக்கு அழைக்கிறேன். பத்மநாபபுரம் அரண்மனையில் நவராத்திரி மண்டபம் இருக்கிறது. கல் தூண்கள், முகம் தெரியும் கருந்தரை. அரச குடும்பத்துப் பெண்கள் ஆட்டத்தையும் பாட்டையும் மறைவில் இருந்து பார்க்க, துளையிட்ட தடுப்புக்குப் பின்னால் தனி இடம். பக்கத்தில் சரஸ்வதி கோவில். கம்பன் வழிபட்ட சிலை என்பது ஐதீகம். தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறிய பிறகும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் சரஸ்வதி இங்கிருந்து ஊர்வலமாக அங்கே போகிறாள். அங்குள்ள நவராத்திரி மண்டபத்தில் அவள் முன்னால் ஒன்பது இரவும் சுவாதித் திருநாள் கீர்த்தனங்கள். குரலிசையின் உன்னதம் என்று சொல்லப்படுகிற அந்த இடத்தில் முதன்முதலாக ஒரு பெண் பாடியது 2006இல். பாறசாலை பொன்னம்மாள். அப்போது அவருக்கு எண்பது வயதை ஒட்டி இருக்கும். கலைமகள் எங்கள் ஊரிலிருந்து வருடா வருடம் அத்தனை தூரம் போய் ஆண் குரல்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். ஆக, குரல் இருக்கிறது என்பதால் ஆள் இருப்பதாக அர்த்தமில்லை. எந்த ஆள் என்பதை அரண்மனையும் ஆசாரமும் முன்பே தீர்மானித்துவிட்டிருந்தன.

இத்தோடு நிறுத்தினால் இளைஞனுக்கு முழு வெற்றி. ஆனால் எந்திரத்தின் பக்கம் நின்று எழுதும்போது எங்கள் பக்கத்துக் கோவில் ஒன்றில் தீபாராதனைக்கு ஓடும் மின் மேளம் காதில் அடிக்கிறது. பார்த்திருப்பீர்கள். ஒரு இரும்புச் சட்டத்தில் முரசு, மணி, தாளம், ஒரு மோட்டார், ஒரு சுவிட்ச். குரலும் இல்லை, மூச்சும் இல்லை. இரண்டு வேளையும் அங்கே வந்து வாசித்துக்கொண்டிருந்த தவில்காரரைப் பல வருடம் கழித்துப் பேருந்தில் பார்த்தேன். "கரண்டு போனா மட்டும் ஆள் விட்டுக் கூப்பிடுதாவ தம்பி" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த எந்திரத்தின் சட்டத்தில் பெயிண்டால் 'உபயம்' என்று போட்டு ஒரு பெயர் எழுதியிருந்தது. வாங்கிக் கொடுத்தவர் பெயர். வாசித்த காலத்தில் தவில்காரரின் பெயர் அந்தக் கோவிலில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

அண்ணாச்சியின் ஆளில்லாத வீடு இதுதான். கச்சேரி மேடையில் சிஷ்யையோ சிஷ்யனோ பின்னால் உட்கார்ந்து மீட்டிய தம்புராவின் இடத்தை, 1970களின் இறுதியில் பெங்களூரில் உருவான மின்னணுத் தம்புரா பிடித்துக்கொண்டபோது எந்த விமர்சகரும் ஆன்மா போயிற்று என்று பெரிதாக அழவில்லை. பாடுகிறவர் குரல் பத்திரமாக இருந்ததே. சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் வயலின் வரிசைகள் மெலிந்தபோதும் ரசிகர்களுக்குத் தெரியவில்லை, பாடகர் மாறவில்லை. குரலை மட்டும் ஆளாகக் கருதிய ஒரு கேள்விப்பழக்கம், குரலற்ற உழைப்பாளிகள் ஒவ்வொருவராக எழுந்து போனதைக் கவனிக்கவே இல்லை. குரலை வழிபட்டதன் விலை இது என்பேன். எந்திரத்தின் மீது மட்டும் பழி போடுவது சுலபம்.

சரி, குரல் இருந்து, அந்தக் குரல் விளிம்பிலிருந்து வந்து, மின்னணு இசையோடு சேர்ந்தால்? 2021இல் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரிப்பு, பாடியவர்கள் தீயும் அறிவும். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர். நிலமற்றவர்களின் அந்த வரலாறு ஒப்பாரியின் வாடையோடு அதில் இருந்தது. அதன் தாளக்கட்டு மட்டும் வந்திருந்தால் நானும் ஆடிவிட்டு மறந்திருப்பேன், ஒப்புக்கொள்கிறேன். இங்கே குரல் வேண்டும். ஆனால் நடந்ததைப் பாருங்கள். அதே வருடம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீ இருந்தார், ஷான் வின்சென்ட் டி பால் இருந்தார், இருவரோடும் பாட்டுகளில் பங்கெடுத்த அறிவு இல்லை. பா.ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்ட பிறகு அறிவுக்கு ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு இல்லை. எழுதியதும் இசையமைத்ததும் பாடியதும் தான் என்று அவர் சொல்ல, அது மூவரின் கூட்டு வேலை என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொல்ல, யாருக்கு எவ்வளவு பங்கு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. நான் குறிப்பது இதைத்தான். பாட்டில் குரல் உரக்க இருந்தது, அட்டையில் முகம் இல்லாமல் போயிற்று. குரலைச் சேர்த்துவிட்டால் மக்களைச் சேர்த்துவிட்டதாக நம்பும் தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம்.

இப்போது குரலும் எந்திரத்துக்குள் போய்விட்டது. 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ரஹ்மான், 1997இல் இறந்த சாகுல் ஹமீதின் குரலையும் 2022இல் இறந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை அறிவால் உண்டாக்கிப் பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, பணமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். ஒலிநாடா, குறுந்தகடு உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிடும் வழக்கத்தைப் பரப்பியவர் என்பதால் அவர் அதைச் செய்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. நாளை அனுமதி கேட்காதவர்கள் வருவார்கள். குரலில் பாடுகிறவனின் உடம்பு இருக்கிறது, தொண்டையும் பல்லும் நாக்கும் இருக்கின்றன என்று ரோலான் பார்த் 1972இல் எழுதினார். அந்தச் சொரசொரப்பையே கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்றால், 'குரல் உண்டா இல்லையா' என்று தேநீர்க்கடையில் நாங்கள் போட்ட சண்டை பழசாகிவிட்டது. குரல் இருந்தும் ஆளில்லாத வீடு.

அதனால்தான் குரல் இல்லாத மின்னணு இசையை நான் கூடுதலாக மதிக்கிறேன். அது ஆள் இருப்பதாக நடிப்பதில்லை. அதைச் செய்தவர் பெயரை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு கொடை விழாவைச் சொல்லி முடிக்கிறேன். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் இப்போது குடம், உடுக்கு, ஜால்ராவோடு கீபோர்டும் ரிதம் பேடும் சேர்ந்துவிட்டன. நாட்டார் வழக்காற்றியல் நண்பர்கள் இதைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் பழைய குடத்தின் சத்தம்தான் பிடிக்கும், அது வேறு விஷயம். இரண்டு வருடத்துக்கு முன் ஓர் அம்மன் கோவிலில் நடு இரவு தாண்டி, கதை முக்கியமான கட்டத்தை நெருங்கும்போது பாட்டுக்காரம்மாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெந்நீர் குடிக்க நிறுத்தினார். வில் நின்றது, குடம் நின்றது. இடைவெளியை நிரப்பக் கீபோர்டு பையன் ஏதோ ஒரு நீண்ட கார்வையைப் பிடித்தான், கீழே ஒரு துடிப்பு, அவ்வளவுதான். மெட்டு என்று சொல்ல முடியாது. வார்த்தைக்குத்தான் சாமி வரும், கதையின் அந்த வரிக்குத்தான் வரும் என்று நான் படித்திருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். முடி அவிழ்ந்தது. அந்தச் சத்தத்துக்கே ஆடினாள். பையன் பயந்துபோய் நிறுத்தப் பார்த்தான். குடம் அடிப்பவர் குனிந்து, "நிறுத்தாதலே, பிடி, அப்படியே பிடி" என்றார். ஏழெட்டு நிமிடம் இருக்கும், பிடித்துக்கொண்டே இருந்தான்.

என் பக்கத்தில் இருந்த பெரியவர், "இது என்ன பாட்டுடே, பாடினது யாரு?" என்று கேட்டார். மடியில் இருந்த விழா நோட்டீசைப் பிரித்து வெளிச்சத்தில் பார்த்தேன். பாட்டுக்காரம்மாவின் படம் பெரிதாக இருந்தது, பெயர் சிவப்பில் இருந்தது. அதன் கீழே 'மற்றும் குழுவினர்' என்று போட்டிருந்தது.