ஐம்பதில் சரளி வரிசை

பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு, அல்லது வீட்டுக்கடன் தீர்ந்த பிறகு, பலருக்கு வீணை ஆசை மறுபடி தலைதூக்குகிறது. சின்ன வயதில் இரண்டு வருஷம் கற்று, பத்தாம் வகுப்புத் தேர்வுக்காக நிறுத்தியவர்கள் உண்டு. வாங்க வசதியில்லாமல், பக்கத்து வீட்டு வீணையைக் கேட்டே வளர்ந்தவர்களும் உண்டு. டீச்சர் வீட்டுக் கூடத்தில் ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஐம்பது வயதுக்காரர் உட்கார்ந்து சரளி வரிசை வாசிப்பது இன்று அதிசயமில்லை. சுற்றியிருப்பவர்கள் "இந்த வயசுல எதுக்கு" என்பார்கள். இல்லாவிட்டால் "கத்துக்க வயசு ஏது" என்று தட்டிக்கொடுப்பார்கள். அந்த மனிதர் படப்போகிற பாடு என்ன என்ற யோசனை இரண்டு தரப்புக்கும் கிடையாது.

வயது எதையும் பறிப்பதில்லை என்பது உண்மையல்ல. தந்தி வாத்தியம் வாசிப்பவர்களின் மூளையில் இடக்கை விரல்களுக்கான பரப்பு மற்றவர்களைவிடப் பெரிதாக இருக்கிறது, இளமையில் தொடங்கியவர்களிடம் அது இன்னும் கூடுதல் என்று 1995-ல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த எல்பர்ட் குழுவின் ஆய்வு காட்டியது. ஓர் ஒலியைக் கேட்ட மாத்திரத்தில் இன்ன சுருதி என்று சொல்லிவிடும் ஆற்றலும் பெரும்பாலும் சிறுவயதில் வாய்த்தால்தான் உண்டு. ஆனால் இந்த இரண்டாவது இழப்பு கர்நாடக இசையில் ஒரு பொருட்டே அல்ல. நம் ஸ்வரங்களெல்லாம் ஆதார ஸட்ஜத்தைப் பற்றிக்கொண்டு நிற்பவை. ஸட்ஜம் எந்தக் கட்டையில் இருந்தாலும் தோடி தோடிதான். விரல் வேகம் மட்டும் நிஜமான இழப்பு. பக்கத்திலிருக்கும் சிறுமி மூன்றாம் காலத்தில் ஜண்டை வரிசையை ஓட்டுகிற ஓட்டம் ஐம்பதில் கைகூடாமலே போகலாம். வேகத்தை நம்பி வாழாத வாத்தியமாக வீணை இருப்பது இங்கே ஒரு அதிர்ஷ்டம்.

வெட்கம் ஒரு தடை என்பார்கள். அது பழைய சங்கதி. முதிய வயதில் சாக்ரடீஸ் கோன்னஸ் என்பவரிடம் லைர் கற்கப் போனதும், கூடப் படித்த பையன்கள் சிரித்ததும், வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்ததும் பிளேட்டோவின் 'யூதிடீமஸ்' உரையாடலில் வருகிறது. வெட்கம் சில மாதங்களில் தேய்ந்துவிடும். தேயாத தொல்லை வேறு.

ஐம்பது வயதுக்காரர் முப்பது வருஷமாக வீணை கேட்டவர். எஸ்.பாலசந்தரின் நீண்ட இழுப்பு, சிட்டிபாபுவின் மீட்டு எல்லாம் அவர் காதில் குடியிருக்கின்றன. விரலுக்கோ ஒரு வயதுகூட ஆகவில்லை. குடத்தை வலப்பக்கம் தரையில் வைத்து, சுரைக்குடுக்கையை இடது தொடையில் தாங்கி, முதல் ஸட்ஜத்தை மீட்டியதுமே அது மட்டமான ஸட்ஜம் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. பக்கத்துச் சிறுமிக்குத் தெரியாது. தெரியாததால் அவள் சந்தோஷமாக நூறு தடவை வாசிப்பாள். இவர் பத்தாவது தடவையில் வீணையைக் கீழே வைத்துவிடுவார். வயது வந்தவர் வாத்தியம் கற்பதில் பெரிய பலமும் பெரிய பலவீனமும் இந்தக் காதுதான். இதற்கு ஒரு வழி செய்யாத எந்தப் பாடமுறையும் அவரை இழந்துவிடும்.

நம் பாடமுறை என்ன செய்கிறது? 16-ம் நூற்றாண்டுப் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வரிசைதான் இன்றைக்கும்: மாயாமாளவகௌளையில் சரளி, ஜண்டை, அலங்காரம், அப்புறம் மலகரியில் கீதம். இதைக் குறை சொல்வது எளிது. ஆனால் அந்த ராகத் தேர்வில் நல்ல மூளை இருக்கிறது. ஸரிகம என்று ஏறும்போது விரல் தாண்டும் இடைவெளிகள், பதநிஸ என்று ஏறும்போது அப்படியே திரும்ப வருகின்றன. மெட்டுகளின் மேல் ஒரு பாதியைக் கற்றால் மறுபாதியின் கணக்கு கையில் வந்துவிடும். இதைச் சிறுமிக்கு விளக்க வேண்டியதில்லை; ஐம்பது வயதுக்காரருக்குக் கட்டாயம் விளக்க வேண்டும். ஏன் என்று தெரிந்தால் அவர் பொறுத்துக்கொள்வார். பல வகுப்புகளில் ஒருவரும் சொல்வதில்லை.

இந்த வரிசையின் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. ஆரம்பப் பாடங்களில் ஸ்வரங்களை நேராக, அசைவில்லாமல் வாசிக்கச் சொல்கிறோம். அந்த மனிதரை வீணைக்கு இழுத்துவந்ததோ ஸ்வரத்தை அசைக்கும் கமகம். தோடியின் காந்தாரம் ஒரு மெட்டில் விரலை வைத்தால் வந்துவிடாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து அசைத்தால்தான் பிறக்கும். அதற்கு வர்ணம் வரை காத்திரு என்றால், வாரத்துக்கு ஒரு வகுப்பு என்ற கணக்கில் வருஷங்கள் ஓடிவிடும். வரிசையை மாற்ற வேண்டாம். ஒவ்வொரு வகுப்பிலும் கடைசிப் பத்து நிமிஷம் ஒரே ஒரு பிடியை, ஒரே ஒரு இழுப்பை அவர் கையில் கொடுக்கலாம். தப்பாகத்தான் வரும். வரட்டும், எப்படி வரவேண்டும் என்று சொல்ல அவர் காதே இருக்கிறது. கண்டிப்பான ஆசிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள், கை கெட்டுவிடும் என்பார்கள். குழந்தைக்கு அது சரி. தப்பைத் தப்பென்று கேட்கத் தெரிந்தவருக்கு அவ்வளவு பயம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

எதிர்முனையில் 'முப்பது நாளில் சினிமாப் பாட்டு' வகுப்புகள். எண்ணைப் பார்த்து மெட்டைத் தொட்டால் பாட்டு வந்துவிடுகிறது, குடும்ப விழாவில் கைதட்டும் கிடைக்கிறது. அதை நான் இளக்காரம் செய்யமாட்டேன். ஆனால் மூன்றாவது பாட்டோடு ஆள் அதே இடத்தில் நின்றுவிடுகிறார். இப்படிக் கற்பவர்கள் பாலசந்தரைத் துணைக்கு அழைப்பார்கள்: அவருக்கு வீணை குரு கிடையாதே! உண்மைதான். ஆனால் வீணைக்கு வருமுன் சிறுவயதிலேயே கஞ்சிராவில் தொடங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல வாத்தியங்களில் கை பழகியவர் அவர். 

எதிலும் தேர்ச்சி பெறப் பத்தாயிரம் மணி நேரப் பயிற்சி வேண்டும் என்ற கணக்கும் பலரைக் கலங்கடிக்கிறது. தினம் ஒரு மணி நேரம் என்றால் 27 வருஷத்துக்கு மேல். எரிக்ஸன் குழு 1993-ல் வெளியிட்ட அந்த எண், பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி. மாலையில் தன் வீட்டில் ஒரு மோகன கீதத்தைச் சுருதி விலகாமல் வாசிக்க விரும்புகிறவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இணையவழி வகுப்பு வெளியூர்க்காரர்களுக்கும் முழங்கால் வலிக்காரர்களுக்கும் பெரிய உபகாரம். ஆனால் ஒலி போய்ச் சேரும் தாமதத்தால் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து வாசிக்க முடியாது; ஒருவர் முடித்தபின்தான் மற்றவர். பேச்சுக்காகச் செய்த செயலிகள் தம்புராவின் ரீங்காரத்தை இரைச்சல் என்று எண்ணி அழிப்பதும் உண்டு. சேர்ந்து வாசிக்கும்போது ஆசிரியரின் வீணைக்குள் தன் வீணை கரைந்து போகும் அந்தச் சில நொடிகளில்தான் கை நிறையக் கற்கிறது. மாதம் ஒருமுறையாவது நேரில் போய் உட்காருவது நல்லது.

தனியார் வகுப்புக் கட்டணம் எல்லாருக்கும் கட்டுப்படியாகாது. தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் உள்ள அரசு இசைப்பள்ளிகளில் நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம் எல்லாம் மிகக் குறைந்த செலவில் கற்பிக்கிறார்கள். ஆனால் சேர்க்கை வயது 12 முதல் 25 வரை. தொழில்முறைக் கலைஞரை உருவாக்குவது நோக்கம் என்பதால் அந்த வரம்பில் நியாயம் உண்டு. சான்றிதழ் வேண்டாம், மேடை வேண்டாம், உதவித்தொகையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு, பகல் வகுப்பு முடிந்த பிறகு அதே கூடத்தில் மாலை ஆறு மணிக்கு ஒரு வகுப்பு வைப்பதில் என்ன சிரமம்? ஆசிரியருக்குக் கூடுதல் ஊதியம் தர வேண்டியிருக்கும். அதை ஐம்பது வயதுக்காரர்களிடமே வசூலித்துக்கொள்ளலாம், கொடுப்பார்கள்.