பிறந்த ஊருக்குச் சாட்சி

பிறந்த ஊரைப் பிறர்க்கு எடுத்துரைப்பது எளிய காரியம் என்றே பலரும் எண்ணுகின்றனர். கண்டதைச் சொல்ல வேண்டியதுதானே, அதற்கெனத் தனிப்புலமை எதற்கு என்பது அவர்தம் கருத்து. ஆனால், நம் ஊர்களைப் பற்றி நம்மவர் வெளியிடும் விழா மலர்களையும் ஊர் வரலாற்று நூல்களையும் ஒருசேர வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிவிட்டால், ஒரு மலரின் கட்டுரையை மற்றொரு மலரில் அப்படியே அச்சிட்டுவிடலாம். எல்லா ஊரும் பழம்பெரும் ஊர். எல்லா ஊரிலும் வள்ளல்கள் வாழ்ந்தனர். எல்லா ஊர் மக்களும் விருந்தோம்பலில் சிறந்தோர். இவற்றுள் பொய்யென்று தள்ளத்தக்கது எதுவும் இல்லாதிருக்கலாம். ஆயினும், அவ்வூரைக் கண்டறியாத ஒருவர் படித்து முடித்தபின் அதன் தெரு ஒன்றையேனும் மனக்கண்ணால் காண்கிறாரா என்று கேட்டால், இல்லை என்பதே விடை.

இது வெறும் நடைக்குறை என்று ஒதுக்கிவிட இயலாது. கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சென்னையிலும் துபாயிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஊர் என்பது இன்று விடுமுறை நாள்களில் வந்துபோகும் இடம். நாளை அதுவும் அருகிப் போகலாம். அப்போது அவர்களுக்கு ஊராக எஞ்சி நிற்பது நாம் எழுதி வைத்ததே. ஆதலின், ஊரை உரைப்பவர் புகழ் பாடுபவர் அல்லர், சாட்சி சொல்பவர். சாட்சியத்திற்குரிய நெறி அவரையும் கட்டுப்படுத்தும். இந்த அளவுகோலைக் கொண்டு நம் இலக்கியத்தில் ஊர் உரைக்கப்பட்ட முறையைச் சற்றே ஆராய்வோம்.

நமக்கு முதற்பாடம் திருமறையிலேயே உள்ளது. உலகிலுள்ள ஊர்களுள் நாம் மிக உயர்வாகப் போற்றுவது மக்கா. அந்த மக்காவைக் குறித்து இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் இறைஞ்சிய துஆவில் (14:37), அது பயிர் விளையாத பள்ளத்தாக்கு என்றே கூறப்படுகிறது. குறைஷிகள் மாரியிலும் கோடையிலும் வணிகப் பயணம் சென்றதை 106ஆம் அத்தியாயம் நினைவூட்டுகிறது. விளைநிலம் இல்லை, ஆகவே வணிகம். வணிகம் உண்டு, ஆகவே பயணம். ஊரின் இல்லாமையைக் கூறியதால் ஊரின் மாண்பு குறைந்துவிட்டதா? இல்லை. அந்த இல்லாமையை அறிந்த பின்னரே அங்கு வந்து சேரும் கனிகளின் அருமை நமக்கு விளங்குகிறது.

ஸஹீஹுல் புகாரீயில் ஹளரத் பிலால் (ரலி) அவர்களைப் பற்றி ஒரு செய்தி உள்ளது. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் அவர்களைக் காய்ச்சல் பற்றியது. காய்ச்சல் தணிந்த பொழுதுகளில் மக்காவை எண்ணிக் கவிதை சொன்னார்கள். அதில் அவர்கள் ஏங்கியது மாளிகைகளுக்காக அல்ல. இத்கிர், ஜலீல் என்னும் இரு புல்வகைகளையும், மஜன்னா என்னும் நீர்நிலையையும், ஷாமா, தஃபீல் என்னும் இரு குன்றுகளையுமே பெயர் சொல்லி நினைத்தார்கள். புல், நீர், குன்று ஆகிய இவ்வளவிலேயே ஊர் எழுந்து நிற்கிறது. அதே அறிவிப்பில், தம்மை ஊரைவிட்டுத் துரத்திய தலைவர்களின் பெயர்களையும் அவர்கள் எடுத்துச் சொல்லிச் சபிக்கிறார்கள். ஊர்ப்பற்றும் ஊரார் செய்த அநீதியைப் பற்றிய முறையீடும் ஒரே நாவிலிருந்து, ஒரே வேளையில் வந்தன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. ஊர் பற்றி எழுதப் புகுவோர் மனத்திலிருத்த வேண்டிய செய்தி இது.

எனினும் இங்கு ஒரு வேறுபாட்டைக் கருத வேண்டும். பிலால் (ரலி) அவர்களின் சொற்களைக் கேட்டோர் மக்காவை அறிந்தவர்கள். அறிந்தவர்க்குப் பெயரொன்றே போதும். அறியாதவர்க்கு எவ்வாறு உரைப்பது? இவ்வினாவை எதிர்கொண்டவர் நம் உமறுப் புலவர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், அரபு நாட்டைக் கனவிலும் கண்டிராத தமிழ் மக்களுக்கு 5027 செய்யுள்களில் சீறாப்புராணம் பாடினார். அதன் நாட்டுப்படலத்தில் மேகம் கடல்நீரை முகந்து மலைமேல் பொழிகிறது. வெள்ளம் பெருகி வயல்களை நிறைக்கிறது. உழவர் நெல் விளைவிக்கின்றனர். அரபு நாட்டில் நெல் வயல் ஏது என்று நகைப்பாரும் உளர். காப்பிய மரபு என்று அமைதி கூறுவாரும் உளர்.

நம் கருத்து இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வளம் என்ற சொல்லுக்கு ஆறும் வயலுமே பொருள் என்று கொண்ட மக்களிடம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோன்றிய நாடு சிறந்த நாடு என்பதை உணர்த்த அப்புலவர்க்கு அதுவே வழியாயிற்று. அவர் பாலையை அறியாதவரும் அல்லர். அதே காப்பியத்தில் ‘சுரத்திற் புனலழைத்த படலம்’ என்று ஒரு படலமே உண்டு. ஆயினும் பயன் யாது? நாட்டுப்படலத்தைப் படித்து முடிக்கும் தமிழர் கண்முன் நிற்பது ஹிஜாஸ் அன்று, தென்பாண்டி நாடே. தெரியாத நாட்டைச் சொல்லப் புகுந்த புலவர் தமக்குத் தெரிந்த நாட்டைச் சொல்லி முடித்தார். காப்பியம் என்ற அளவில் அது குற்றமன்று. ஆனால் இன்றைய உரைநடையில் ஊரை எழுதுவோர் அவ்வழியையே பின்பற்றி, கேட்போர் விரும்பும் வளத்தை எல்லாம் ஊரின்மேல் ஏற்றிச் சொல்வதற்கு அதனை முன்மாதிரியாகக் கொள்ளலாகாது.

ஊர்ப்புகழ் எவ்வளவு வலிய சோதனை என்பதை ஹதீஸ் கலையினர் நன்கு அறிந்திருந்தனர். ஊர்களின் சிறப்புப் பற்றி இட்டுக்கட்டப்பட்ட செய்திகள் பல என்று அவர்கள் எச்சரித்துள்ளனர். ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். கஸ்வீன் நகரின் மேன்மை பற்றிய ஒரு செய்தி இமாம் இப்னு மாஜா (ரஹ்) அவர்களின் ஸுனனில் இடம்பெற்றுள்ளது. அந்த இமாமும் கஸ்வீன் நகரத்தவரே. ஹி. 597இல் மறைந்த இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அச்செய்தியை இட்டுக்கட்டப்பட்டவற்றின் வரிசையில் சேர்த்தார். ஆறு பெரும் ஹதீஸ் நூல்களுள் ஒன்றாயிற்றே என்றோ, ஊர் மனம் நோகுமே என்றோ அவர் தயங்கவில்லை. இமாம் அவர்களின் மதிப்பும் அதனால் சமுதாயத்தில் குன்றிவிடவில்லை.

இவ்வகையில் நாம் வியக்கத்தக்க நூல், ஹி. 463இல் (1071) மறைந்த கதீப் பக்தாதீ (ரஹ்) அவர்களின் பக்தாத் வரலாறு. முதலில் நகரின் அமைப்பைக் கூறி, பின்னர் அந்நகரோடு தொடர்புடைய ஆயிரக்கணக்கானோரின் வரலாற்றை அவர் தருகிறார். தம் நகரை இழித்துரைக்கும் ஆதாரமற்ற செய்திகளை எடுத்துக்காட்டி மறுக்கவும் செய்கிறார். அதே வேளையில், தம் நகரத்தார் என்பதற்காக எவரையும் உயர்த்திப் பிடிக்கவில்லை. நம்பத்தக்கவரை நம்பத்தக்கவர் என்றும், பலவீனமானவரைப் பலவீனமானவர் என்றும் பதிவு செய்கிறார். நம் ஊர் மலர் ஒன்றில் இத்தகைய பக்கம் ஒன்றையேனும் காண இயலுமா?

தமிழில் இத்துணிவோடு ஊரை உரைத்தவர்களுள் முதன்மையானவர் தோப்பில் முஹம்மது மீரான். 1944இல் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து 2019இல் மறைந்த அவர், தம் ஊரையே ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ ஆக்கினார். ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வந்த அப்புதினம் 1988இல் நூலாயிற்று. திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு உட்பட்டிருந்து, 1956 நவம்பர் முதல் நாளில் தமிழகத்தோடு இணைந்த நிலப்பகுதி அது. தமிழும் மலையாளமும் கலந்த அவ்வூர்ப் பேச்சை அவர் திருத்தி எழுதவில்லை. வெளியூர் வாசகர் சில பக்கங்களில் தடுமாறத்தான் செய்வர். ஆனால் அத்தடுமாற்றமே புதிய ஊருக்குள் நுழைந்த உணர்வைத் தருகிறது. அகமதுக்கண்ணு முதலாளியின் சொல்லே சட்டமாக இருந்த ஊரில், ஏழை எவ்வாறு ஒடுங்கி நின்றான், ஆங்கிலப் பள்ளிக்கூடம் எவ்வாறு எதிர்க்கப்பட்டது என்பவற்றை அவர் மறைக்காது எழுதினார். புகழ்மொழி ஏதுமின்றியே அந்தக் கடற்கரை நம் நினைவில் நிற்கிறது.

குறையும் சொல்ல வேண்டும். அந்நாவலில் மார்க்கத்தின் பெயரால் பேசுவோர் பெரும்பாலும் செல்வர் வீட்டு நிழலில் ஒதுங்கி நிற்போராகவே காட்சியளிக்கின்றனர். அத்தகையோர் இருந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் கடற்கரை ஊர்களில், அரைவயிற்றுக் கஞ்சியோடு விளக்கொளியில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுகளும் இருந்தனர். குறையை எடுத்துரைக்கும் ஜர்ஹும் வேண்டும். தகுதியை எடுத்துரைக்கும் தஃதீலும் வேண்டும். ஒன்று மட்டும் நின்றால் சாட்சியம் நிறைவு பெறாது.

சமுதாயத்தின் குறையைச் சந்தியில் வைப்பது புறம் பேசுவதாகாதா என்று கேட்போர் உண்டு. புறம் பேசுதல் பெரும்பாவம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் குறை கூறுவதற்கு அனுமதியுள்ள ஆறு இடங்களை வகுத்துக் காட்டியுள்ளனர். அநீதி இழைக்கப்பட்டவன் முறையிடுவதும், தீமையை மாற்ற உதவி நாடுவதும், முஸ்லிம்களை எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். தனி மனிதரின் மறைவான பாவத்தைத் துருவி எழுதுவது வேறு. ஊரே அறிந்த அநீதியை ஊரின் வரலாற்றில் விடாது எழுதுவது வேறு. முன்னது ஹராம். பின்னதை மறைப்பதோ, பெற்றோர்க்கும் உறவினர்க்கும் எதிராயினும் நீதியில் நிலைத்துச் சாட்சி சொல்லுமாறு இறைவன் இட்ட கட்டளைக்கு (4:135) மாறானது.

இனி, நம் ஊர் நூல்களில் விடுபட்டுப் போகும் இரண்டினைக் குறிப்போம்.

முதலாவது, பெண்மக்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமகன் மணமகள் வீட்டுக்குச் சென்று வாழ்வதும், மகளுக்கு வீடு கொடுப்பதும் நெடுநாள் வழக்கம. ஆடவர் கடல்கடந்து வணிகத்திற்குச் சென்ற ஊர்களில், ஆண்டு முழுவதும் ஊராக இருந்தவர்கள் பெண்களே. ஆயினும் ஊர் வரலாற்றைப் புரட்டினால் பக்கம் பக்கமாக ஆடவர் பெயர்களே வருகின்றன. பெண்கள் கண்ட ஊர் வேறு என்பதை, 2004இல் வெளிவந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ நமக்கு உணர்த்தியது. அந்நாவலின் சில பகுதிகள் நமக்கு உடன்பாடல்ல. ஆனால் வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால் ஊர் எவ்வாறு தோன்றும் என்ற வினாவை அது எழுப்பியது. அவ்வினாவிற்கு நம் மலர்கள் இன்னும் விடை கூறவில்லை.

இரண்டாவது, சுற்றுப்புறம். காயல் துறைமுகத்தை மார்க்கோ போலோ கண்டு எழுதினார், அரபு நாட்டுக் குதிரைகள் அங்கு வந்திறங்கின என்பதை நம்மவர் பெருமிதத்தோடு மேற்கோள் காட்டுகின்றனர். நன்று. ஆனால் அத்துறைமுகம் ஏன் நிலைக்கவில்லை? தாமிரபரணி ஆண்டுதோறும் கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகிற்று. பாண்டியர் காலத்தில் கடற்றுறையாக இருந்த கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூர். ஆற்றைச் சொல்லாமல் அத்துறைமுகத்தின் வாழ்வையும் தாழ்வையும் சொல்ல இயலாது. அவ்வாறே, அடுத்த தெருவில் வாழும் பரதவரையும் நாடாரையும் உழவரையும் சொல்லாமல் நம் தெருவைச் சொல்ல இயலாது. மீன் தந்தவர் யார், பதநீர் இறக்கியவர் யார், பள்ளிவாசலுக்குக் கல் சுமந்தவர் யார் என்று கேட்டால், ஊர் நம் ஜமாஅத்தின் எல்லையோடு முடிந்துவிடுவதில்லை என்பது தெளிவாகும்.

இன்று கைப்பேசியின் வழியே ஊரின் படம் நொடிப்பொழுதில் கடல்கடந்து செல்கிறது. புதிய மினாராவையும் அகன்ற சாலையையும் அதில் காணலாம். கிணற்று நீர் எந்த ஆண்டு முதல் உவர்த்தது, எந்தத் தெருவில் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, பூட்டியவர் எங்குச் சென்றார், ஏன் சென்றார் என்பவற்றை அப்படம் சொல்லாது. அதைச் சொல்வது எழுதுவோர் கடன்.

ஆகவே, ஊர் மலர் வெளியிட முனையும் இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது இதுவே. வள்ளல்களின் பட்டியலைத் தொடங்குமுன், முதிய பெண்மணிகளிடம் சென்று கேளுங்கள். ஊரின் புல்லையும் நீரையும் காற்றையும் அவற்றின் ஊர்ப்பெயராலேயே எழுதுங்கள். பெருமைக்குச் சான்று தேடுவது போலவே குறைக்கும் சான்று தேடுங்கள். சான்றில்லாத பெருமையை விட்டுவிடுங்கள். எங்கோ பிறந்த நம் பேரப்பிள்ளை ஒருநாள் அந்நூலைக் கையில் ஏந்தி ஊருக்குள் வருவான். அன்று நூல் ஒன்று சொல்ல, ஊர் மற்றொன்று காட்டுமாயின், அவன் நூலை மட்டுமன்று, எழுதிய நம்மையும் நம்பமாட்டான். எழுத்தும் ஓர் அமானத். அதை உரியவரிடம் குறைவின்றி ஒப்படைக்க வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.