பழைய குழாய்களுக்கு ஒரு தீர்ப்பு

ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில், இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்குக் கீழே 3,712 இரும்புக் குழாய்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம். நடுவில் 100 மைக்ரான் பருமனில் ஒரே ஒரு டங்ஸ்டன் கம்பி. கிரேப்ஸ்-3 சோதனையின் மியூவான் தொலைநோக்கி இதுதான். இந்தக் குழாய்கள் கோலார் தங்கவயலில் புரோட்டான் சிதைவைத் தேடிய சோதனையின் மிச்சம். இயற்பியலாளர் ஷார்பாக் 1968-லேயே, ஒரே அறைக்குள் பல கம்பிகளை நெருக்கமாகக் கட்டும் பல்கம்பி அறையைச் செய்துகாட்டி, அதற்காக 1992-ல் நோபல் பரிசும் பெற்றுவிட்டார். அதன் பிறகும் ஒற்றைக் கம்பிக் குழாயையே பிடித்துக்கொண்டிருப்பது சரியா? ஊட்டி ஆய்வகம் பழையதை வைத்து ஒப்பேற்றுவதோடு நிற்கவில்லை. தொலைநோக்கியை விரிவாக்க இதே மாதிரிக் குழாய்களை ஆயிரக்கணக்கில் தானே புதிதாகச் செய்யத் தொடங்கியது. தாம்பரத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிற எனக்கு இந்தக் கேள்விக்கு விடை தேவை. இங்கே ஒரு கல்லூரி சொந்தமாகத் துகள் உணரி செய்ய நினைத்தால் எதிலிருந்து தொடங்குவது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

குழாய்க்குள் இருப்பது 90 சதவீதம் ஆர்கான், 10 சதவீதம் மீத்தேன். மியூவான் ஒன்று குறுக்கே பாய்ந்தால் பத்து சென்டிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரம் எலெக்ட்ரான்களை உதிர்த்துவிட்டுப் போகும். அவை கம்பியை நோக்கி நகரும். கம்பிக்கு 3,000 வோல்ட் கொடுத்தால், குழாயின் சுவரோரம் மின்புலம் சென்டிமீட்டருக்கு 90 வோல்ட்கூட இராது; கம்பியின் மேற்பரப்பிலோ 86,000 வோல்ட் வரும். அந்தக் கடைசி மயிரிழைத் தூரத்தில்தான் எலெக்ட்ரான்கள் பெருகி, அளக்கக்கூடிய துடிப்பாகின்றன.

கட்டுமானத்தின் சூட்சுமம் கம்பியின் தொய்வில் இருக்கிறது. ஆறு மீட்டர் டங்ஸ்டன் கம்பியின் எடை ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. 300 கிராம் இழுவிசையில் கட்டினால் நடுவில் சுமார் 2.3 மில்லிமீட்டர் தொய்யும். சுவர் ஐந்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் குழாயில் இது பொருட்டே இல்லை. பல்கம்பி அறையில் கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளியே 2 மில்லிமீட்டர்தான். அங்கே இவ்வளவு தொய்வை நினைத்தே பார்க்க முடியாது. போதாததற்கு, ஒரே மின்னழுத்தத்தில் உள்ள கம்பிகள் ஒன்றையொன்று விலக்கும். இழுவிசை சற்றுக் குறைந்தாலும் ஒன்று மேலே, அடுத்தது கீழே என்று விலகி நிற்கும். ஒரு கம்பி அறுந்து பக்கத்துக் கம்பிகள் மேல் விழுந்தால் அந்தத் தளம் முழுவதும் நின்றுபோகும். ஊட்டியில் ஒரு கம்பி அறுந்தால் இழப்பு 3,712-ல் ஒன்று. கழற்றிவிட்டு வேலையைத் தொடரலாம். பத்தாண்டுகள், இருபதாண்டுகள் ஓட வேண்டிய கருவிக்கு இது சாதாரணச் சலுகை இல்லை. எனக்கு மிக வலுவாகப் படும் வாதமும் இதுதான்.

எதிர்த்தரப்பும் வலுவானதே. கோலார் குழு 1980-களின் தொடக்கத்தில், புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பின்னர் வந்த பெரிய நீர்த்தொட்டிச் சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. பத்து சென்டிமீட்டர் கட்டங்களில் பதிவான தடத்தை வைத்துக்கொண்டு, அது சிதைந்த புரோட்டானுடையதா, நியூட்ரினோ மோதலா என்று அடித்துச் சொல்வது கடினம். அந்த வேலைக்கு இந்தக் குழாயின் பார்வை போதவில்லை என்றே நான் கருதுகிறேன். நேரத்திலும் அதே குறைதான். எலெக்ட்ரான்கள் கம்பியை வந்தடைய மைக்ரோ நொடிக் கணக்கில் ஆகும். தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு, துகள் மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்று தெரியவேண்டும். அதற்கு நானோ நொடி நுட்பம் வேண்டும். ஆகவே கம்பியே இல்லாத, கண்ணாடித் தகடுகளாலான உணரியை அவர்கள் தேர்ந்தெடுத்தது சரியான முடிவு. ஆனால் அந்தத் தகடுகளுக்கு இடையில் ஓடும் வாயுவில் பெரும்பங்கு, குளிர்பதனப் பெட்டிகளில் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்தது. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கெட்டது. அதற்கு மாற்று தேடி செர்ன் ஆய்வகமே உழைத்துக்கொண்டிருக்கிறது. எடையையும் கணக்கில் எடுக்கவேண்டும். 2.3 மில்லிமீட்டர் தடிப்புள்ள சுவரைக் கணக்கிட்டால் ஊட்டிக் குழாய் ஒவ்வொன்றும் 40 கிலோவைத் தாண்டும்.

இத்தனை குறைகளோடு அது சாதித்தது என்ன? 560 சதுர மீட்டர் பரப்பு, நாளொன்றுக்குச் சுமார் 400 கோடி மியூவான்கள், 169 திசைகளாகப் பிரித்த வானம். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் ஓர் இடிமேகம் கடந்தபோது மியூவான் எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. அந்தச் சரிவைக் கொண்டு மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டு 2019-ல் வெளியிட்டார்கள். இடிமேகங்களில் இவ்வளவு மின்னழுத்தம் இருக்கலாம் என்று சி.டி.ஆர். வில்சன் 1920-களில் ஊகித்ததற்குக் கிடைத்த முதல் அளவீடு அது. பலூனோ விமானமோ மேகத்தின் ஒரு மூலையைத்தான் தொடும். இந்தக் குழாய்கள் மேகம் முழுவதையும் ஊடுருவிப் பார்த்தன. நானோ நொடி அங்கே தேவைப்படவில்லை, மில்லிமீட்டரும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டவை அகலமான பரப்பும் நாள் தவறாத நிதானமும்தான். இரண்டுமே இந்தக் குழாயிடம் இருந்தன.

பழசு என்ற குற்றச்சாட்டும் ஆராய்ந்தால் நிற்காது. செர்னின் அட்லஸ் உணரியில் மியூவானின் தடத்தை அளப்பதற்கு மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள அலுமினியக் குழாய்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரே கம்பி. வாயுவை மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அடைத்து, எலெக்ட்ரான் வந்துசேரும் நேரத்தையும் அளப்பதால் 80 மைக்ரான் துல்லியம் கிடைக்கிறது. ஒற்றைக் கம்பி என்ற அமைப்பு பழையதாகிவிட்டது என்று இதைப் பார்த்த பிறகு யாரும் சொல்ல முடியாது. ஊட்டிக்கும் ஜெனீவாவுக்கும் வேறுபாடு குழாயைச் சுற்றியுள்ள மின்னணுவியலிலும் இயந்திரத் துல்லியத்திலும் இருக்கிறது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். ராஜா ராமண்ணா இயற்பியல் படித்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில் இருக்கிறது. கருவியியலைத் தனிப் படிப்பாக நாட்டில் முன்னோடியாகத் தொடங்கிய எம்.ஐ.டி. குரோம்பேட்டையில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் லேத் பட்டறைக்கும் குறைவில்லை. கடல்மட்டத்தில் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடம் ஒன்று என்ற கணக்கில் மியூவான் விழுகிறது. ஒரு மீட்டர் நீளக் குழாயில் நிமிடத்துக்கு ஆயிரம். கதிரியக்க மூலம் வாங்க வேண்டாம், அதற்கான அனுமதியும் வேண்டாம். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழாய்களை வைத்து, இரண்டும் சேர்ந்து துடிக்கும்போது மட்டும் எண்ணினால் சுவரிலிருந்து வரும் காமாக் கதிரின் தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

இங்கே முதல் எதிரி ஈரம். கார்த்திகை மழையில் மின்னழுத்தம் ஏற்றியதும் கசிவு மின்னோட்டம் எகிறும். ஓரிரு மணி நேரத்தில் தானாகத் தணிந்தால், காப்பானின் மேல் படிந்த ஈரமும் தூசியும்தான் காரணம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலர்த்தினால் தீரும். தணியாமல் விட்டுவிட்டுப் பொறி தட்டினால் சால்டர் வைத்த இடத்தில் கூர்முனை இருக்கிறதா என்று பாருங்கள். துடிப்பின் உயரம் நாளுக்கு நாள் குறைந்தால், காற்று உள்ளே கசிந்து ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்கிறது என்று பொருள். இந்த ஒரு காரணத்துக்காகவே, ஊட்டியைப் போல வாயுவை நிரப்பிச் சீல் வைக்கும் முறையைக் கல்லூரிகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெற்றிடப் பம்பும் கண்ணாடி–உலோக இணைப்பும் இல்லாத இடத்தில், வாயு மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும் குழாய்தான் தோதானது. சிறு கசிவு இருந்தாலும் அது மன்னித்துவிடும்.

என் தீர்ப்பு இதுதான். தடத்தின் நுணுக்கமோ நானோ நொடியோ தேவைப்படும் சோதனைக்கு ஊட்டிக் குழாய் தகாது. கோலாரின் அனுபவமே அதற்குச் சான்று. பெரிய பரப்பில் ஆண்டுக்கணக்கில் எண்ணிக்கொண்டிருக்கும் வேலைக்கு அதைவிட நம்பகமான ஒன்றை இந்த நாட்டில் இந்தச் செலவில் செய்திருக்க முடியாது. புதிதாக மேலும் ஆயிரக்கணக்கில் செய்வது என்ற முடிவு சரியானது. கற்பதற்கும் இதுவே சிறந்தது, ஏனென்றால் இதில் வரும் ஒவ்வொரு கோளாறுக்கும் காரணத்தை மாணவரே கண்டுபிடிக்க முடியும்.

புயல் கரையை நெருங்கும்போது காற்றழுத்தம் 20 ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் மியூவான் எண்ணிக்கை 2 முதல் 4 சதவீதம் ஏறும். மணிக்கு 30,000 எண்ணும் சிறு குழாய் இணையின் பிழை 0.6 சதவீதம்தான், அந்த ஏற்றத்தை அது தெளிவாகக் காட்டும். தாம்பரம் முதல் காட்டாங்குளத்தூர் வரையுள்ள இயற்பியல் துறைகளுக்கு என் வேண்டுகோள்: அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு குழாய் இணையையாவது உங்கள் மாணவர்கள் கையால் கட்டி முடியுங்கள்.