பொருத்து வீடு: யாருடைய மலிவு?

2015இன் இறுதியிலிருந்து 2017 வரை ஈழத்துப் பத்திரிகைகளைப் புரட்டியவர்களுக்கு ‘பொருத்து வீடு’ என்ற சொல் நினைவிருக்கும். யுத்தத்தில் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்கு வீடுகளை அமைத்துக் கொடுப்பதென அன்றைய மீள்குடியேற்ற அமைச்சு முன்வைத்த திட்டம் அது. தொழிற்சாலையில் தயாரான பாகங்களைக் கொண்டுவந்து காணியிலே பொருத்திவிடுவது. கட்டுவது லக்சம்பேர்க்கைத் தலைமையகமாகக் கொண்ட ஆர்சிலர் மிட்டல். பணம் வெளிநாட்டுக் கடன். முதலில் பேசப்பட்ட விலை வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளும் எழுந்தன. பொறியியலாளர்களும் சமூக ஆய்வாளர்களும் தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்களும் எதிர்த்தார்கள். விலையைக் குறைத்துப் பார்த்தார்கள். தொகையைக் குறைத்துப் பார்த்தார்கள். 65,000 வீடு என்பது நிறைவேறவில்லை.

இங்கே லா சப்பலில் இவ்விடயம் இரண்டே விதமாகத்தான் பேசப்பட்டது. ‘தகரத்தைத் தந்து தமிழனை ஏமாற்றப் பார்க்கிறான்’ என்பது ஒன்று. ‘எங்கட சனம் நவீனத்தை ஏற்காது, ஐரோப்பாவில் இப்படித்தானே கட்டுகிறார்கள்’ என்பது மற்றையது. முதலாவதில் இரும்பு குற்றவாளி, இரண்டாவதில் மக்கள் குற்றவாளி. இரண்டிலுமே பணத்தைப் பற்றிய கேள்வி இல்லை.

ஐரோப்பாவை உதாரணம் காட்டுவோருக்காகப் பாரிஸின் கதையொன்றையே எடுத்துக்கொள்வோம். 1954 ஜனவரி இறுதியில், கடுங்குளிரில், செவஸ்தபோல் பெருந்தெருவில் ஒரு பெண் விறைத்து இறந்தாள். வீட்டிலிருந்து வெளியேற்றும் உத்தரவுக் கடதாசி அவள் கையில் இருந்தது. நமது கடைத்தெருவிலிருந்து நடந்து போகக்கூடிய தூரம். பெப்ரவரி 1ஆம் திகதி அபே பியர் என்ற பாதிரியார் லக்சம்பேர்க் வானொலியில் விடுத்த அழைப்பு பிரான்சையே உலுக்கியது. (இவர் மீது பல பெண்கள் சுமத்திய பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டுகள் 2024இல் வெளிவந்தன. அவர் பெயரைத் தாங்கிய அமைப்பு 2025இல் பெயரை மாற்றிக்கொண்டது. அந்த வரலாற்றை இனி இதைச் சொல்லாமல் எழுத முடியாது.)

அவர் வீடு கேட்டுப் போனது, இரும்புக் கம்மியராகத் தொழில் பழகி வடிவமைப்பாளரான ஜோன் புரூவேயிடம். புரூவே 1944-45இலேயே லொறேன் பகுதியில் போரால் வீடிழந்தோருக்குக் கழற்றிப் பூட்டும் வீடுகளைச் செய்தவர். 1956 பெப்ரவரியில் சேன் நதிக்கரையில் அவரது ‘நல்ல நாட்களின் வீடு’ பொதுமக்கள் பார்க்க ஏழு மணித்தியாலத்தில் பொருத்தப்பட்டது. கீழே கொங்கிரீட் தளம். நடுவே குசினியும் குளியலறையும் மலசலகூடமும் அடங்கிய உருக்குக் கூடு. அந்தக் கூடே கூரையையும் தாங்கியது. சுற்றிவர மரப் பலகைச் சுவர்கள். ஐம்பது சதுர மீற்றருக்குச் சற்றுக் கூடிய பரப்பு. செலவு கூடிய குழாய் வேலைகள் அனைத்தையும் ஒரே கூட்டில் ஒடுக்கியதுதான் சிக்கனத்தின் சூட்சுமம். ஆனால் அந்த நடுக்கூடே அதிகாரிகளுக்கு உடன்பாடாக இருக்கவில்லை. அங்கீகாரம் கிடைக்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய சில வீடுகளே கட்டப்பட்டன.

பிறகு நடந்தது இன்னும் கவனத்துக்குரியது. பிரெஞ்சு ஆபிரிக்கக் குடியேற்ற நாடுகளுக்கென புரூவே செய்த ‘வெப்பமண்டல வீடு’களில், பிரசாவிலிலிருந்து கழற்றிக் கொண்டுவரப்பட்ட ஒன்று 2007இல் நியூயோர்க்கில் ஏறத்தாழ 50 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. ஏழைக்கெனச் செய்த அவரது போர்க்கால வீடுகளும் இன்று கலைச் சேகரிப்பாளரின் சொத்து. அதாவது, பொருத்து வீடு என்பது தன்னளவில் மட்டமானதுமல்ல, தன்னளவில் மலிவானதுமல்ல. அதன் விலையைத் தீர்மானிப்பது அது யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்பதே.

இப்போது வன்னிக்கு வருவோம். 1956இல் வீட்டைத் தடுத்தது அலுவலகம். 2016இல் வீட்டை விரும்பியது அலுவலகம். இரண்டிலும் குடியிருக்கப் போகிறவரிடம் வரைபடம் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. அத்திவாரம் போதாது, காற்றோட்டம் போதாது, துருப்பிடிக்கும், பின்னர் ஓர் அறையைக் கூட்டிக் கட்ட முடியாது என்று பொறியியலாளர்கள் சொன்ன குறைகளை எமது பெண்களின் நாளாந்த வாழ்வில் வைத்துப் பார்க்கவேண்டும். விறகடுப்பு எரிக்கும் குடும்பத்துக்கு இரும்புச் சுவருக்குள் குசினி எங்கே? மகள் கலியாணம் செய்தால் பத்தி இறக்குவது எப்படி? ஒரு தகடு பழுதானால் கிளிநொச்சியில் எந்த மேசன் அதைத் திருத்துவான்? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வருடக்கணக்காகத் தகரக் கொட்டிலில் வெந்தவர்களிடம் உருக்கு வேறு, தகரம் வேறு என்று விளக்கம் சொல்லப் போனவர்களின் துணிச்சலை என்னவென்பது!

கணக்கையும் பார்ப்போம். 65,000 வீடுகளுக்கு 21 இலட்சம் வீதம் 13,650 கோடி ரூபா. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்குக் கட்டம் கட்டமாகக் கொடுக்கப்பட்டது 5,50,000 ரூபா. அதை இரட்டிப்பாக்கி 11 இலட்சமாகக் கொடுத்திருந்தாலும் இதே தொகையில் 1,24,000 குடும்பங்கள் கல்வீடு கட்டியிருக்கும். அத்தோடு கல்லரிபவனும் மேசனும் தச்சனும் மணல் ஏற்றுபவனும் கூலி பெற்றிருப்பார்கள். உருக்கு வீட்டில் அந்தக் கூலியின் பெரும்பங்கு பாகங்களின் விலையாகக் கடல் கடந்து போகிறது. கடன் மட்டும் நாட்டில் மிஞ்சுகிறது. வேலையற்ற மேசன்கள் நிறைந்த ஊருக்கு மேசன் தேவைப்படாத வீட்டை இறக்குவது சிக்கனமல்ல.

ஆனால் இத்தோடு நிறுத்திக்கொண்டால் நாமும் பாதி உண்மையைத்தான் சொல்கிறோம். அந்த உருக்கு வீட்டுக்குப் பெருந்தொகையான குடும்பங்கள் விண்ணப்பித்தன என்பதை அமைச்சு தனக்குச் சாதகமாகக் காட்டியது. அதை வெறும் பிரச்சாரமென்று தள்ளிவிட முடியாது. ஏழு வருடம் கூரையில்லாமல் இருப்பவள் எந்தப் படிவத்தை நீட்டினாலும் கையெழுத்து வைப்பாள். மறுபுறத்தில், ‘உரிமையாளரே கட்டும்’ இந்திய முறையை நாம் புகழும்போது, 5,50,000 போதாமல் நகையை அடகு வைத்தவர்களையும், நுண்கடன்காரரிடம் மாட்டிக்கொண்ட பெண் தலைமைத்துவக் குடும்பங்களையும் மறந்துவிடுகிறோம். தனித்து வாழும் ஒரு பெண் சீமெந்துக்கும் மணலுக்கும் பேரம் பேசி, மேசனை விரட்டி, அடுத்த கட்டக் காசுக்குக் கந்தோர் ஏறி இறங்குவது ‘பங்கேற்பு’ என்ற அழகிய சொல்லுக்குள் அடங்கிவிடுவதில்லை. கையிலே பணத்தைக் கொடுப்பது சரி; கட்டுமான வேலையில் துணை நிற்பதும் அதற்குள் அடங்கவேண்டும்.

இன்னுமொன்று. வீட்டுத்திட்டம் எதுவாயினும் அது காணி உள்ளவருக்கே. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கால் நூற்றாண்டுக்கு மேலாக மல்லாகம், சுன்னாகம் முகாம்களில் கிடந்தவர்களுக்கு உருக்கா கல்லா என்ற விவாதம் யாருடையது? முகாமில் கடைசிவரை எஞ்சியவர்களில் காணியற்ற, ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர் கணிசமானோர் என்பது தற்செயலல்ல. யாழ்ப்பாணத்தில் கல்வீடு வெயிலுக்கும் மழைக்குமான கட்டடம் மட்டுமாக இருந்ததில்லை; அது சாதியின் அடையாளமாகவும் இருந்தது. ஆகவே ‘சனத்துக்குக் கல்வீட்டு மோகம்’ என்று இங்கிருந்து கேலி செய்பவர்கள், அந்த மோகத்துக்குள் இருக்கும் சமத்துவக் கோரிக்கையையும் பார்க்கவேண்டும்.

பொருத்து முறைக்கு இடமே இல்லையா? உண்டு. 2016 நவம்பரில் போர்த் து லா சப்பலில், பழைய ரயில்வேப் பண்டகசாலைக்குள் மரக் குடில்களைப் பொருத்தி 400 ஆண் அகதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். வாசலிலே காற்றடைத்த பெருங்கூடாரம். சில நாட்கள் தங்கி வேறிடம் அனுப்பப்படுவதற்கான இடமது. 2018 மார்ச்சில் கழற்றி மூடினார்கள். கழற்றப்படும் என்பது முதல் நாளே தெரிந்த விடயம். அவசரத்துக்கு அந்த வேகம் தேவை. ஆனால் அவசரத்தின் வடிவத்தை ஆயுள் முழுவதற்குமான வீடென்று ஒருவரின் தலையில் கட்டும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

இதை எழுதுவதற்கான காரணம் பழைய திட்டமொன்றுக்குத் திவசம் செய்வதல்ல. அமைச்சும் கம்பனியும் விட்ட இடத்தில் இன்று நாமே நிற்கிறோம். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், நினைவு அறக்கட்டளைகள் என்று லா சப்பலில் சேர்க்கும் யூரோ அங்கே வீடாகிறது. அந்த வீட்டின் வரைபடத்தை யார் தீர்மானிக்கிறார்கள்? எத்தனை வீட்டு நெற்றியில் கொடுத்தவரின் பெயர்ப்பலகை? திறப்புவிழாப் படத்துக்காக ஒரே மாதிரியாக வரிசை கட்டி நிற்கும் வீடுகளுக்கும் அமைச்சின் வீடுகளுக்கும் முறையில் என்ன வித்தியாசம்? காணி உறுதி முதலில். பணம் அந்தப் பெண்ணின் கணக்கில். ஓர் அறையும் குசினியும் இப்போது, அடுத்த அறைக்கான அத்திவாரமும் இப்போதே. வேலை அந்த ஊர் மேசனுக்கு. கட்டி முடியும்வரை கணக்குப் பார்க்கத் துணைக்கு ஓர் ஆள். குறைந்த காசில் குடும்பமொன்றுக்கு வீடு என்பதற்கு இதைவிட மலிவான வழி எமக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் எழுதட்டும். சங்கங்களின் கணக்குகளை வைத்திருப்பவர்களும் எழுதட்டும்.