விட்ட ஸ்வரங்களைக் கேட்பது எப்படி?

ஆடி மாதத்து இரவுகளில் யானைக்கவுனிப் பாலத்திலிருந்து இறங்கி வால்டாக்ஸ் சாலைப் பக்கமாக நடந்தால், ஏதேனும் ஒரு சந்தின் முகப்பில் அம்மன் கோயில் பந்தலும், அதற்கெதிரே பலகை பரப்பிய மெல்லிசை மேடையும் கண்ணில் படும். பாடுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பது நம்மவர் வழக்கம். ஒருநாளேனும், ஓரத்தில் நிற்கும் கிதார்க்காரரின் வலக்கையை மட்டும் கவனிக்குமாறு ரஸிகர்களை வேண்டிக்கொள்கிறேன்.

‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில் (1982) இளையராஜா அமைத்து, எஸ்.பி. பாலசுப்ரமணியம் பாடிய ‘இளைய நிலா’வை முதலில் வீட்டில், இரவின் நிசப்தத்தில் இரண்டு மூன்று முறை கேளுங்கள். ஆர். சந்திரசேகர் வாசித்த அந்தக் கிதாரில் ஸ்வரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஆனால் ஒன்றின் கார்வை அடங்குமுன் மற்றொன்று பிறக்கும்படி உதிர்வதை மனத்தில் நன்றாக வாங்கிக்கொண்டு, பிறகு மேடைக்கு வாருங்கள்.

மேடையில் அது அப்படியே வாசிக்கப்படவில்லை என்று தெரிந்ததும், சரக்குப் போதவில்லை என்று தீர்ப்புக் கூறுவோர் உண்டு. அவசரத் தீர்ப்பு அது. ஒலிப்பதிவுக் கூடத்தில் கிதாருக்கென்றே ஒரு மைக் அருகிலிருந்து காத்து நிற்கிறது. தெருவிலோ டிரம்ஸும் கீபோர்டும் முழங்க, எதிர்ச்சுவர்கள் ஒவ்வொரு ஓசையையும் திருப்பியடிக்க, பொடி ஸ்வரங்களெல்லாம் ஒரே இரைச்சலாகக் கலங்கிவிடுகின்றன. விரல்களால் மீட்டுகிறவருக்குக் கட்டைவிரலின் வேலை தடித்த தந்திகளில் ஆதார ஸ்வரத்தை ஊன்றுவது; விநாடிக்குச் சுமார் 82 அதிர்வுகளில் தொடங்கும் அந்தப் பிரதேசத்தில், 41 அதிர்வுகளிலிருந்தே எழும்பி வரும் பேஸ் கிதார் ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. இருவரும் அங்கே நெருக்கினால் பாடகரின் சொல் புரியாது. கூடுள்ள கிதாரானால் ஒலிபெருக்கி ஊளையிடவும் கூடும். ஆகவே விவேகமுள்ள வாத்தியக்காரர் கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுத்து, மெல்லிய தந்திகள் இரண்டு மூன்றில் மட்டும், எட்டு ஸ்வரங்கள் விழவேண்டிய இடத்தில் நான்கையோ மூன்றையோ வைத்து நடத்துகிறார்.

எவற்றை விடுகிறார், எவற்றை வைத்துக்கொள்கிறார் என்பதில்தான் ரஸனையின் முழு இன்பமும் இருக்கிறது. கார்டு மாறும் இடத்தின் முதல் ஸ்வரத்தையும், பாட்டின் மெட்டோடு உரசி இனிக்கும் உச்ச ஸ்வரத்தையும் அவர் விடமாட்டார். வீட்டில் கேட்டு வந்த உங்கள் செவியோ இடையில் உள்ளவற்றைத் தானே நிரப்பிக்கொள்ளும். நிரவலின்போது மிருதங்க வித்வான் தம் கோர்வைகளையெல்லாம் அடக்கிக்கொண்டு சர்வலகுவில் செல்கிறாரே, அந்தப் பண்புக்கும் இதற்கும் பேதமில்லை என்பது என் அபிப்பிராயம். கைவராமல் சுருக்குகிறவரையும் அறிந்து சுருக்குகிறவரையும் பிரித்தறிவது கடினமன்று: முன்னவரின் ஸ்வரங்கள் பாட்டுக்குப் பாட்டு, சரணத்துக்குச் சரணம் இடம் மாறும், பின்னவர் விட்ட இடத்தை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விடுவார்.

இடையிசையில் வேறு வாத்தியங்கள் ஒதுங்கும்போதும், சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புமுன் தாளம் ஒரு கணம் நிற்கும்போதும், மறவாமல் அவருடைய கையைப் பாருங்கள். அதுவரை சும்மா கிடந்த கட்டைவிரல் தடித்த தந்திக்கு இறங்கியிருக்கும்.