எல்லாப் பண்பாட்டுக்கும் ஒரே ஆலோசகரா?

பல ஆண்டு அனுபவம், பல முறைகளை இணைத்த சிகிச்சை, எந்தப் பண்பாட்டினருக்கும் இணையவழி உதவி. புலம்பெயர்ந்தவர்களை நோக்கித் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் மனநல ஆலோசகர்கள் பலர் இவற்றை ஒரே மூச்சில் சொல்கிறார்கள். கேட்கும்போது எல்லாமே நல்ல குணங்களாகத்தான் தெரிகின்றன. ஆனால் ஆலோசகருக்கு எதிரே உட்காருபவர், யாரிடமும் சொல்லாததைப் பணம் கொடுத்து ஓர் அந்நியரிடம் சொல்லப்போகிறவர். அவருக்காக இந்த வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக உரசிப் பார்த்தே ஆக வேண்டும்.

அனுபவத்தை விரைவில் முடித்துவிடலாம். 170 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 6,591 பேரையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வை சைமன் கோல்ட்பெர்க் குழுவினர் 2016-இல் வெளியிட்டார்கள். ஆண்டுகள் கூடக்கூடப் பலன் கூடவில்லை. சராசரியில் மிகச் சிறிய அளவு குறையவே செய்தது. திறன் வளர்ந்த சிகிச்சையாளர்களும் அவர்களில் உண்டு. ஆனால் வளர்ந்தவர் யார், தேங்கியவர் யார் என்பது ஆண்டுக் கணக்கிலிருந்து தெரியாது. சிகிச்சையாளரின் சொந்த மதிப்பீட்டையும் நம்ப முடியாது. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 129 மனநலப் பணியாளர்களில் ஒருவர்கூடத் தம்மைச் சராசரிக்குக் கீழே வைக்கவில்லை. தம்மிடம் வருபவர்கள் தேறுகிறார்களா என்று அளவுகோல் வைத்து அவ்வப்போது அளந்து பார்ப்பவரின் அனுபவத்துக்கு மட்டுமே மதிப்புத் தர முடியும்.

அடுத்தது ஒருங்கிணைப்பு. சால் ரோசன்ஸ்வைக் என்பவர் 1936-லேயே ஒரு கேள்வியை எழுப்பினார். ஒன்றோடொன்று சண்டையிடும் சிகிச்சை மரபுகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருகின்றன என்றால், அவற்றுக்குப் பொதுவான ஏதோ ஒன்றுதானே வேலை செய்கிறது? எட்வர்ட் போர்டின் 1979-இல் அந்தப் பொதுவானதற்கு உருவம் கொடுத்தார். எதை நோக்கிப் போகிறோம், அதற்காக என்ன செய்கிறோம் என்பதில் இருவருக்கும் உடன்பாடு, இருவருக்கிடையே நம்பிக்கை. ஆகவே ஒரே மரபுக்கு அடிமையாகாமல் இருப்பதற்கு நல்ல அடித்தளம் இருக்கிறது. சிக்கல், இந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளலாம் என்பதில்தான். கொஞ்சம் சி.பி.டி. (அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை), கொஞ்சம் தியானம், கொஞ்சம் குழந்தைப்பருவ நினைவு என்று அன்றன்றைக்குத் தோன்றியதைச் செய்வதும் ஒருங்கிணைப்பு என்ற பெயரிலேயே நடக்கிறது.

நிஜமான ஒருங்கிணைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு, கனடாவின் ஸ்காபரோவில் வசிக்கும் ஐம்பது வயது ஈழத்துப் பெண்மணி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். 2009 மே மாதம், இலங்கைப் போரின் கடைசி நாட்களில், வட்டுவாகலில் படையினரிடம் சரணடைந்த கணவரைப் பற்றி அதன்பிறகு ஒரு செய்தியும் இல்லை. ஆலோசகரிடம் அவர் கணவரைப் பற்றிப் பேச்சை எடுக்க மாட்டார். "நெஞ்சுக்குள்ள பாரமாக் கிடக்குது பிள்ளை, இரவில நித்திரையே இல்லை" என்றுதான் ஆரம்பிப்பார். நித்திரையின்மைக்குச் சி.பி.டி.யில் நன்கு சோதிக்கப்பட்ட முறை இருக்கிறது. படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் ஒழுங்குபடுத்திச் சில வாரங்களில் ஓரளவு மாற்றம் காணலாம். அங்கிருந்து தொடங்குவதும் சரியே. ஆனால் அதே கைப்பழக்கத்தில், "அவர் உயிரோடு இருக்கிறார் என்று நம்ப என்ன ஆதாரம்?" என்று அடுத்த கேள்வியைப் போட்டால் அந்தப் பெண்மணி அடுத்த வாரம் வர மாட்டார். திவசம் கொடுத்தால் கணவரைத் தானே சாகடித்ததாகிவிடும். கொடுக்காமல் விட்டால், ஒருவேளை அவர் இறந்திருந்தால், அவருக்குச் செய்ய வேண்டிய கடன் செய்யப்படாமலே கிடக்கும். காலையில் பொட்டு வைக்கக் கண்ணாடி முன் நிற்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிவு தெரியாத இழப்பைப் பற்றிப் பல பத்தாண்டுகள் உழைத்த பாலின் பாஸ் காட்டிய வழி இங்கேதான் தேவைப்படும். இருக்கிறார், இல்லை என்ற இரண்டையும் ஒன்றாகச் சுமந்தபடியே வாழ்க்கையைத் தொடர உதவுவது அந்த வழி. எந்த இடத்தில் முதல் முறையை விட்டு இரண்டாவதற்குப் போகிறோம், ஏன் போகிறோம் என்று விளக்கத் தெரிந்தவரே ஒருங்கிணைப்பாளர்.

இந்தப் பெண்மணியை வைத்தே மூன்றாவது வாக்குறுதியையும் எடைபோடலாம். எனக்குப் பெரிய மனத்தாங்கல் அதில்தான். எல்லாப் பண்பாட்டையும் மதிப்பேன் என்ற பொதுப்பயிற்சி, திவசக் கேள்வி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை ஆலோசகருக்குக் காட்டித் தராது. பண்பாட்டுக்கேற்ப மாற்றியமைத்த சிகிச்சைகள் குறித்த 76 ஆய்வுகளைத் திரட்டி கிரைனரும் ஸ்மித்தும் 2006-இல் தொகுத்தார்கள். ஒரே சமூகத்தை மனத்தில் வைத்து அமைத்த சிகிச்சை, பல சமூகத்தினருக்கும் பொதுவாக அமைத்ததைப்போல நான்கு மடங்கு பலன் தந்தது. வருபவரின் தாய்மொழியில் நடத்தியது, ஆங்கிலத்தில் நடத்தியதைப்போல இரண்டு மடங்கு. அந்த ஆய்வுகளில் பல அமெரிக்கச் சிறுபான்மையினரைப் பற்றியவை, தரமும் ஏற்ற இறக்கமானது. எனவே எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். திசை மட்டும் தெளிவாகத் தெரிகிறது: அகலம் கூடினால் பலன் குறைகிறது. அந்த அகலத்தைத்தான் இந்த அறிமுகங்கள் பெருமையாக முன்னிறுத்துகின்றன.

இலங்கையில் இதற்குக் கண்முன் சான்று உண்டு. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு ஆலோசகர்கள் பேரிடர் மன அதிர்ச்சிக்கான அறிகுறிப் பட்டியல்களோடு வந்து இறங்கினார்கள். அங்குள்ளவர்கள் தங்கள் பாதிப்பை உறவுகளில் விழுந்த விரிசலாகவே உணர்ந்தார்கள் என்று காட்டியவர் உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோ. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், தனிமனிதரைத் தாண்டிக் குடும்பமும் ஊரும் சேர்ந்து படும் காயத்தைப் பற்றி எழுதினார். ஒரு சமூகத்தை அறிவதென்றால் இந்த அளவுக்கு அதற்குள் இறங்க வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்றிரண்டு சமூகங்களை அறிவதற்கே ஓர் ஆயுள் வேண்டும்.

அப்படியென்றால் தமிழருக்குத் தமிழர்தான் என்று முடிவுகட்டிவிடலாமா? அதுவும் சரியில்லை. கப்ரால், ஸ்மித் இருவரும் 2011-இல் செய்த தொகுப்பாய்வில், மக்கள் தம் இனத்துச் சிகிச்சையாளரை விரும்புவது தெரிந்தது. ஆனால் குணமாவதில் அதனால் ஏறக்குறைய வேறுபாடே இல்லை. அதோடு, தன் சமூகத்தவரிடம் போவதில் அச்சமும் இருக்கிறது. "எந்த ஊர்? ஆற்ற மகள்?" என்ற விசாரிப்பு ஐந்து நிமிடத்தில் சாதிவரை போய்விடும். ஸ்காபரோவில் சொன்னது கோயில் திருவிழாவில் திரும்பிவரும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை. மொழி தெரிந்திருக்க வேண்டும், சமூக வட்டத்துக்கு வெளியேயும் இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துத் தர இணையத்தால் முடிகிறது. லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் தமிழ் ஆலோசகர் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு வரப்போவதில்லை. போக்குவரத்து நேரம் மிச்சம் என்பதைவிட இதுவே இணையவழியின் பெரிய பயன் என்று நான் கருதுகிறேன்.

பலன் குறித்த சான்றுகளும் இணையத்துக்குச் சாதகமானவை. கார்ல்பிரிங் குழுவினர் 2018-இல் 20 ஆய்வுகளைத் தொகுத்தபோது, இணையவழிச் சி.பி.டி. நேரடிச் சிகிச்சைக்குச் சமமாகவே நின்றது. ஆனால் அது பெரும்பாலும் எழுத்துப் பாடங்களும் சிகிச்சையாளரின் வழிகாட்டலும் சேர்ந்த முறை. திரையில் முகம் பார்த்துப் பேசும் ஒருங்கிணைந்த சிகிச்சைக்கு அதை நேரடிச் சான்றாக்க முடியாது. வீடியோவழிச் சிகிச்சைக்கு அமெரிக்கப் படைவீரர்களிடையே செய்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. பேசுவதற்கு வீட்டில் ஓர் அறை வேண்டுமே என்ற சிக்கல் மட்டும் தீரவில்லை. மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லோரும் இருக்கும் வீட்டில் அது கிடைக்காமல், கடை வாசலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்துதான் பேச முடிகிறது.

தகவல் பாதுகாப்பைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. பின்லாந்தின் வஸ்தாமோ சிகிச்சை மையத்திலிருந்து திருடப்பட்ட பதிவுகளை வைத்து 2020-இல் நோயாளிகளையே தனித்தனியாகப் பணம் கேட்டு மிரட்டினார்கள். பாதிக்கப்பட்டோர் ஏறக்குறைய 33,000 பேர். இணையவழி ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனாளர் தகவல்களை விளம்பரத்துக்குப் பகிர்ந்ததாக எழுந்த வழக்கில், 2023-இல் 78 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. உரிமத்தின் நிலை இன்னும் குழப்பம். ஸ்காபரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் உளச்சிகிச்சையாளர்களுக்கென ஒழுங்குமுறை அமைப்பு 2015 முதல் இயங்குகிறது. பிரிட்டனில் கவுன்சிலர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை. எனவே நான் பயன் என்று சொன்ன அந்த லண்டன் தமிழர், ஸ்காபரோவில் இருப்பவருக்குச் சிகிச்சை தரத் தகுதி உள்ளவர்தானா என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஏதாவது தவறு நடந்தால் எங்கே புகார் கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

என் தீர்ப்பு இது. இணையவழியை ஏற்கலாம். ஒருங்கிணைப்பை, ஏன் எதற்கு என்று விளக்க முடிந்தவரிடம் மட்டும் ஏற்கலாம். எல்லாப் பண்பாட்டினருக்கும் என்ற உரிமைகோரலை நான் நிராகரிக்கிறேன். எந்த மக்களை அறிவேன், எந்த மொழியில் பேசுவேன், யாரை அறியேன் என்று சொல்லி, அறியாதவர்களை வேறொருவரிடம் அனுப்பத் தயாராக இருப்பவர் அகலமான விளம்பரக்காரரைவிட மேலானவர். இதோடு ஒரு நிபந்தனை, இதில் எனக்குச் சமரசம் கிடையாது. தற்கொலை எண்ணம் பேச்சின் நடுவில் வெளிப்படலாம், அந்தக் கணத்தில் திரை அணைந்துவிடலாம். நீங்கள் இப்போது எந்த முகவரியில் இருக்கிறீர்கள், ஆபத்து என்றால் அங்கே யாரை அழைக்கலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளாமல் முதல் செஷனைத் தொடங்கும் ஆலோசகரை, அவர் எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.