கரிசற் சுவரில் ஒரு காட்சிக்கூடம்: கொண்டையராஜு குழாத்தின் கலை பற்றிய திறனாய்வு

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்துச் சித்திர மண்டபம் ஒன்றைக் காட்டுகின்றது. அங்கு வருவோர் ஓவியங்களைக் கண்டு வாளா நின்றாரல்லர். இவர் யாவர், அவர் யாவர் என ஒருவரையொருவர் வினவினர். அறிந்தோர் அறியாதார்க்கு எடுத்துரைத்தனர். படைப்போர், காட்சிக்களம், காண்போரிடை எழும் உரையாடல் என்னும் மூன்றும் கூடிய இடமே காட்சிக்கூடம் என்பது இதனால் பெறப்படும். இவ்வளவைக் கொண்டு, விருதுநகர், சிவகாசி, கோவில்பட்டி வட்டாரத்தில் தோன்றிய ஒரு கலைக்குழாத்தின் பணியை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் வழியில் அமைந்த மல்லாங்கிணறு, எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊராகத் தமிழ் மாணாக்கர்க்கு அறிமுகமானது. சொற்கலைக்கு இவ்வாறு இடமளித்த இத்தகைய கரிசல் ஊர்களில் ஓவியத்திற்கெனக் கட்டிய கூடம் எதுவும் வழக்கில் இருந்ததில்லை. ஆயினும், இவ்வட்டாரத்து வீடுகளின் முன்னறைச் சுவர் வெறுமையாய் இருந்ததுமில்லை. சட்டமிட்ட குடும்பப் புகைப்படமும், சிவகாசியில் அச்சாகிக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டித் தெய்வமும் அச்சுவரில் அருகருகே இடம்பெற்றன. இச்சுவரைக் காட்சிக்கூடம் எனலாமா என்பதே நம் வினா.

அச்சுவரில் தொங்கிய படங்கள் பலவற்றின் மூலவர் சி. கொண்டையராஜு (1898–1976) ஆவார். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற இவர், சிலகாலம் திருவண்ணாமலையில் இரமணர் ஆசிரமத்தில் தங்கினார். பின்னர் நாடகக் குழுவில் திரைச்சீலை தீட்டும் ஓவியரானார். 1942-இல் அக்குழு கோவில்பட்டியில் கலைந்தபோது ஓவியர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். அவருடன் தங்கிய இளைஞர்களே பின்னர் அவர்தம் மாணாக்கராயினர். டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம், டி. எஸ். அருணாசலம், மீனாட்சிசுந்தரம் முதலியோர் அவருள் குறிப்பிடத்தக்கவர். இவர்கள் நடத்திய தேவி ஆர்ட் ஸ்டூடியோ புகைப்பட நிலையமாகவும் ஓவியக்கூடமாகவும் விளங்கியது. தொழில் இழந்த நாடகக் கலைஞர்க்குச் சிற்றூர் மக்களின் உருவப்படங்களே முதற்கண் வாழ்வளித்தன என்பது ஈண்டு நினைவில் இருத்தற்குரியது.

இக்குழாத்தின் தனித்தன்மை அதன் கையொப்பத்தில் விளங்குகின்றது. அச்சான படங்கள் பலவற்றின் அடியில் ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் இணைந்தே காணப்படுகின்றன. ஒரு படத்தில் எக்கோடு எவர் கையது எனப் பிரித்தறிய முயல்வார் இடர்ப்படுவர். கலைஞன் ஒருவனே, அவன் தனியனே என்னும் மேலைக் கொள்கையைக் கொண்டு நோக்குவார்க்கு இது குறையாகத் தோன்றலாம். தமிழ் மரபறிந்தார்க்கு அவ்வாறு தோன்றாது. நூலும் உரையும் ஆசிரியன் வழியே மாணாக்கனிடம் சென்று வளர்ந்த மரபு நம்முடையது. மாணாக்கன் பெயரைத் தன் பெயரோடு இணைத்து எழுதிய ஆசிரியன், தன் புகழில் ஒரு பங்கை அவனுக்கு ஈந்தவனாகின்றான். படம் வாங்குவோர் மாணாக்கனின் பெயரையும் அறிந்தனர். பின்னாளில் அவன் தனித்துத் தொழில் செய்ய அப்பெயரே முதலாயிற்று. கலைஞர் ஒருவரையொருவர் தாங்கி நிற்றல் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இனிக் காட்சிக்களத்தை நோக்குவோம். 1920-களில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பயின்று மீண்டபின் சிவகாசியில் அத்தொழில் வேரூன்றியது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுப்படங்கள் வேண்டியிருந்தமையால் அச்சுத்தொழில் உடன் வளர்ந்தது. அதன் வழியே நாட்காட்டியும் பெருகியது. கோவில்பட்டியில் தீட்டிய ஓவியம் சிவகாசியில் பல்லாயிரம் படிகளாகி, அடியில் வணிகரின் பெயர் தாங்கி, விலையின்றி வீடு சேர்ந்தது. நுழைவுக்கட்டணம் இல்லை, காண்பதற்குக் கல்வித் தகுதி வேண்டுவதில்லை, கோயிலுக்குள் நுழையவொட்டாது தடுக்கப்பட்டிருந்த மக்களின் இல்லத்திற்கும் தெய்வத்தின் திருவுருவம் தடையின்றி வந்தது. ஆண்டு முடிந்ததும் நாள் தாளை நீக்கிப் படத்தை மட்டும் சட்டமிட்டுக் காத்தோர் பலர். காண்போரே எதனைக் காப்பது எனத் தேர்ந்த காட்சி இது. பரங்குன்றத்து மண்டபத்தில் நிகழ்ந்த உரையாடல், இங்கே பாட்டி பேரனுக்குக் கதை சொல்லும் வடிவில் நிகழ்ந்தது. எனவே சுவரைக் காட்சிக்கூடம் எனல் பொருந்தும்.

புகைப்படத்திற்கும் இவ்வோவியத்திற்கும் உள்ள உறவும் நோக்கற்பாலது. நாடகத் திரைச்சீலை புகைப்பட நிலையத்தின் பின்புலமாயிற்று. அதே சோலையும் தூணும் மாடமும் நாட்காட்டியில் தெய்வத்தின் பின்புலமாயின. கேமராவை நேர்நோக்கும் மனிதரைப் போன்றே தெய்வமும் காண்பாரை நேர்நோக்குகின்றது. ஆகவே ஒரே சுவரில் மறைந்த முன்னோரும் முருகனும் ஒருங்கிருத்தல் முரணாகத் தோன்றவில்லை.

இங்ஙனம் பாராட்டுதற்குரிய இக்கலையில் ஒரு பெருங்குறையும் உண்டு. அதனை மறைத்தல் திறனாய்வாகாது. கரிசல் மண்ணில் பிறந்த இப்படங்களில் கரிசலைக் காண்பதரிது. இவற்றில் ஆறு பெருகுகின்றது, தாமரை மலர்கின்றது, மலை பசுமையாக நிற்கின்றது. வானம் பார்த்த புஞ்சையும் பருத்திக்காடும் தீப்பெட்டி ஒட்டும் விரல்களும் இடம்பெறவில்லை. நாட்காட்டி வணிகர் விருப்பிற்கேற்பத் தீட்டப்பெற்றது. மங்கலமே அதன் இலக்கணம் எனச் சிலர் விடை கூறுவர். அவ்விடை காரணத்தை விளக்குமேயன்றிக் குறையை நீக்காது.

அக்குறையை நிரப்பியது அதே மண்ணின் உரைநடை. கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் ஓவியர் விடுத்ததை எழுத்தில் வடித்தனர். கி. ரா.வின் ‘கதவு’ என்னும் சிறுகதையில் ஏழைக் குழந்தைகள் தம் வீட்டுக் கதவில் ஒரு தீப்பெட்டிப் படத்தை ஒட்டி மகிழ்கின்றனர். பின்னர்த் தீர்வை செலுத்தாமைக்காக அக்கதவே பெயர்த்துச் செல்லப்படுகின்றது. அச்சுப்படம் ஏழை வீட்டிற்கு அளித்த இன்பத்தையும், அவ்வீட்டின் வறுமையை அப்படம் அறியாமையையும் ஒருசேர உணர்த்திய ஆசிரியரின் நுட்பம் வியத்தற்குரியது. கதவே காட்சிக்களம், களத்தையே இழக்கின்றனர் குழந்தைகள்.

காட்சிக்கலையில் இவ்விடம் பிற்காலத்தே நிரம்பலாயிற்று. சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) என்னும் ஆவணப்படம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளரைக் காட்டியது. மதுரை ஜவகர்லால்புரத்தில் மீன் விற்கும் தாய்க்குப் பிறந்த ஒளிப்படக் கலைஞர் மு. பழனிக்குமார், உழைக்கும் மக்களையும் தூய்மைப் பணியாளரையும் தம் பொருளாகக் கொண்டார். கிராமப்புற வாழ்வை ஆவணப்படுத்தும் ‘பாரி’ நிறுவனம் அவர்க்குக் களமாயிற்று. 2022-இல் தயானிதா சிங் பெயரால் அமைந்த பாரி விருதையும் அவர் பெற்றார். தாம் பெற்ற கலையை வடசென்னை இளைஞர்க்குக் கற்பித்து, அவர்தம் படங்களைக் கண்காட்சியாக வைத்தமை கோவில்பட்டிக் கூட்டுக் கையொப்பத்தின் புதிய வடிவம் எனத் தகும். 2016-இல் தொடங்கிய சென்னை ஒளிப்பட ஈராண்டு விழா எனப் பெருநகரில் எழுந்த பெருங்காட்சிகளையும் இம்மரபின் அளவுகோலால் நோக்குதல் வேண்டும்: காட்டப்பெற்ற மக்கள் காண்போராகவும் அங்கு நின்றனரா என்பதே அவ்வளவுகோல்.

கொண்டையராஜுவின் குழாம் கலையை எல்லார் இல்லத்திற்கும் கொண்டு சென்றது. ஆனால் அவ்வில்லத்தாரைக் கலைக்குள் கொண்டு வரவில்லை. பின்வந்தோர் அவ்வில்லத்தாரைக் கலைக்குள் கொண்டு வந்தனர்; ஆனால் அவர்தம் படங்கள் மல்லாங்கிணறு போன்ற ஊர்களின் சுவரை எட்டுதல் அரிதாகவே உள்ளது. இவ்விரண்டும் கூடுமிடத்தே முழுமை உண்டு.

ஆய்வாளர் கடமை ஒன்று எஞ்சியுள்ளது. நாட்காட்டி ஓராண்டுப் பொருளாதலின் எளிதில் அழிகின்றது. சிற்றூர்ப் புகைப்பட நிலையங்களின் கண்ணாடித் தகடுகளும் படச்சுருள்களும் கடை மூடுந்தோறும் பழம்பொருளாய்க் கழிகின்றன. ஏடு தேடிய உ. வே. சாமிநாதையரின் வழியில் வந்த நம் துறைகள், இச்சுவடிகளையும் சுவடியெனவே கருதித் தொகுத்தல் வேண்டும். தவறின், இரண்டு தலைமுறை மக்கள் நாள்தோறும் கண்டு வணங்கிய ஒரு கலைக்கு மூலபாடம் இல்லாமற் போகும்.